மண் அணைக்காத பார்

“சமைச்சது நான்தான். தட்டுல போட்டதும் நான்தான். இதுக்கு மேல என்ன வேணும் உங்களுக்கு?”

நெமேசியா இதை மூன்றாவது முறையாகச் சொன்னாள். கோட்டாபாட்டா காவல் நிலையத்தின் பின்னறையில், கம்பிக்கு அந்தப் பக்கம், கம்பளியைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். குரலில் கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. மீனுக்கு விலை சொல்லிச் சொல்லிச் சலித்துப் போனவளின் குரல்.

கம்பிக்கு இந்தப் பக்கம் லியாந்திரா ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டு வருடம் போலீஸில் இருந்துவிட்டு, ஏரிக்கரை நகரமான புனோவில் ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். அவள் பின்னால் குறிப்பு நோட்டோடு நின்றவன் ருஃபினோ. வேன் ஓட்டுவதும், நோட்டு எழுதுவதும், வாயை அடக்காமல் இருப்பதும் அவன் வேலை.

இந்த வழக்கை அவர்களிடம் கொண்டுவந்தவன் நெமேசியாவின் அண்ணன். ஏரியின் நாணல் கரையில் மீன் பிடிப்பவன். முதல் தவணையாக ஒரு கட்டு கருவாட்டை மேஜைமேல் வைத்துவிட்டு அழுதான். “நம்ம முன்பணம் மட்டும்தான் மேடம் வாசல்ல இருந்தே நாறுது,” என்று ருஃபினோ அப்போது சொன்னதற்கு லியாந்திரா சிரிக்கவில்லை.

சிரிக்கிற வழக்கு இல்லை அது. நெமேசியாவின் கணவன் ஃபெர்மினுடைய மூத்தாள் மகள் சுல்மா, ஏழு வயது. ஒன்பது நாளைக்கு முன் மதியம் சித்தி வேகவைத்துக் கொடுத்த உருளைக்கிழங்கைத் தின்றாள். இரவெல்லாம் வாந்தி, பேதி. ஏற்கெனவே ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்த உடம்பு. மழையில் சாலை அறுத்துக்கொண்டதால் ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்கவில்லை. விடியும்போது குழந்தைக்கு உயிர் இல்லை. தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போயிருந்த ஃபெர்மின் வந்து சேர்ந்தான், மகளைப் புதைத்தான், மறுநாள் காலையில் மனைவிமேல் புகார் கொடுத்தான். வீட்டில் பூச்சி மருந்து பாட்டில் இருந்தது. சமைத்த பானை பளபளவென்று தேய்த்துக் கவிழ்த்திருந்தது. மீந்த கிழங்கில் ஒன்றுகூட இல்லை.

மாலை நான்கு மணிக்கு வண்டி வந்து அவளை நகரத்துச் சிறைக்குக் கொண்டுபோகும். உள்ளே போய்விட்டால் வழக்கு விசாரணைக்கு வர இரண்டு வருடமும் ஆகலாம்.

“மீந்த கிழங்கை என்ன பண்ணினே, நெமேசியா?”

முதல் முறையாக அவள் கண் லியாந்திராவைப் பார்த்தது. பார்த்த வேகத்தில் கீழே இறங்கிவிட்டது.

அவள் பக்கத்தில் மூடிபோட்ட ஒரு தூக்கு இருந்தது. “சாப்பாடு யாரு கொண்டு வர்றாங்க?”

“தெரியாது. வாசல்ல வச்சுட்டுப் போறாங்களாம். எங்க அண்ணனா இருக்கும்.”

அவள் அண்ணன் வீட்டிலிருந்து இங்கு வர படகில் மூன்று மணி நேரம் ஆகும் என்பது ருஃபினோவுக்குத் தெரியும். லியாந்திரா எழுந்தாள்.

முன்னறையில் சார்ஜெண்ட் ஹுவால்பா கையை விரித்தார். “அவளே ஒத்துக்கிட்ட மாதிரிதானே மேடம்? நான் என்ன பண்றது?”

“சமைச்சேன்னுதானே சொல்றா? சமைக்கிறது குத்தம்னா என் பொண்டாட்டிக்கு ஆயுள் தண்டனை குடுக்கணும் சார்,” என்றான் ருஃபினோ.

வெளியே வந்து வேனில் ஏறியதும் லியாந்திரா கேட்டாள். “அவ பாவாடையைப் பாத்தியா?”

“கல்யாணமானவன் மேடம் நான்.”

“ரெண்டு முட்டிக்கும் நேரா ரெண்டு வட்டம். செம்மண். கைதான அன்னிக்குக் கட்டின பாவாடை. மாத்தத் துணி இல்ல. அவங்க ஊர் ஏரிக்கரை. மண்ணு கரி மாதிரி இருக்கும். முட்டி போட்டு உக்கார்ந்து செம்மண்ல என்ன தோண்டினா?”

ருஃபினோ வண்டியைக் கிளப்பினான்.

*

ஃபெர்மின் வீட்டு முற்றத்தில் தனியாக உட்கார்ந்து, ஒரு கம்பளிக் கயிற்றை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தான். நாற்பது வயதுக்காரனுக்கு ஒன்பது நாளில் அறுபது வயது முகம். வந்தவர்கள் மனைவியின் பக்கத்து ஆட்கள் என்று தெரிந்தும் எழுந்து விரட்டவில்லை.

“ஒரு வருஷமா பாப்பா அவ கையால ஒழுங்கா சாப்பிட்டதில்ல,” என்றான் தரையைப் பார்த்தபடி. “இது வேணாம், அது வேணாம்னு தட்டைத் தள்ளிவிட்டுடுவா. அன்னிக்கு மட்டும் மிச்சம் வைக்காம சாப்பிட்டிருக்கா. எப்படிச் சாப்பிட்டா? அதைச் சொல்லச் சொல்லுங்க அவள.”

“மலைமேல உங்களுக்கு நிலம் இருக்கா?” லியாந்திரா கேட்டாள்.

“இருக்கு.”

“செம்மண்ணா?”

“ஆமா. உருளைக்கிழங்கு போட்டிருக்கேன். கார்னிவல் திருவிழாவுக்கு முன்னாடியே ரெண்டு தடவையும் மண் அணைச்சு முடிச்சுட்டுத்தான் சுரங்கத்துக்குப் போனேன். எல்லாப் பாரும், ஒரு வரிசை விடாம முடிச்சுட்டுத்தான் போனேன்.”

“சரி,” என்றாள் லியாந்திரா.

தெருவுக்கு வந்ததும் ருஃபினோவின் காதருகே சொன்னாள். “மண்ணு என்ன நிறம்னுதான் கேட்டேன். மண் அணைச்சீங்களான்னு யாரு கேட்டா?”

பக்கத்து வீட்டு வாசலில் யுஸ்தா என்ற பருத்த பெண்மணி கதிரில் கம்பளி நூற்றுக்கொண்டிருந்தாள். இவர்கள் வந்ததிலிருந்து நூல் நகரவில்லை, காது மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு பிடி கோக்கா இலையை நீட்டி உட்காரச் சொன்னாள். மென்றபடி பேச்சு தொடங்கியது.

“பூச்சி மருந்து பாட்டிலா? எங்கிட்ட மூணு இருக்கு. வேணுமா?” என்றாள்.

“பத்திரமா வைங்கக்கா. சார்ஜெண்ட் பாத்தா மூணு ஆயுள் தண்டனை,” என்றான் ருஃபினோ.

அவளுக்குச் சிரிப்பு வந்து, உடனே அடங்கிவிட்டது. “அந்த ஏரிக்காரிமேல எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன் தாயி. அன்னிக்கு ராத்திரி அவளும் சுவத்துக்குப் பின்னாடி குனிஞ்சு குனிஞ்சு வாந்தி எடுத்தா. மாசமா இருக்கா போலன்னு நினைச்சேன். கருமம், அதை நினைச்சுச் சந்தோஷம்கூடப் பட்டேன்.”

லியாந்திரா மெல்லுவதை நிறுத்தினாள். “போலீஸ்ல சொன்னீங்களா?”

“யாரு கேட்டா?”

“வேற ஏதாவது? அடக்கம் பண்ணின அன்னிக்கு?”

யுஸ்தா கதிரை மடியில் வைத்தாள். “அன்னிக்கு ஒரு பைத்தியக்காரக் கேள்வி கேட்டா. எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க, இவ எங்கிட்ட வந்து, ‘அக்கா, சில கிழங்கு தோலுக்கு உள்ள ஏன் பச்சையா இருக்கு’ங்கிறா. நாணல்மேல வீடு கட்டி மீன் தின்னு வளந்தவளுக்குக் கிழங்கைப் பத்தி என்ன தெரியும்? சொன்னேன். கிழங்குக்கு வெயில் ஆகாது. செடி சாண் உயரம் வந்ததும் ஒரு தடவை, பூ வைக்கிறப்போ ஒரு தடவை, தூருக்கு மண்ணை வாரி அணைச்சு மேடாக்கணும். அணைக்காம விட்டா கிழங்கு மேல வந்து தலையை நீட்டும். வெயில் பட்டுப் பச்சையாகும். பச்சையானா கசக்கும், வயித்தைப் புரட்டும். அதுவும் முத்தறதுக்கு முன்னாடி பிடுங்கினா கேக்கவே வேணாம். நாங்க தோண்டறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே செடியை அறுத்துட்டு, தோல் முத்தட்டும்னு விட்டுடுவோம். தோண்டினதும் சாக்கு போட்டு மூடிடுவோம். சூரியன் கண்ணுல படவே விடமாட்டோம்.”

“பொறந்ததுல இருந்தே கசக்கிற ஜாதிக் கிழங்கு ஒண்ணு இருக்குல்ல?” என்றான் ருஃபினோ. “அதை என்ன பண்ணுவீங்க?”

“அதை அப்படியே யாரு தின்பா? பனியில போட்டு உறைய வச்சு, மிதிச்சு, ஆத்துத் தண்ணியில வாரக்கணக்கா ஊறப்போட்டு, காய வச்சு...”

“அடேயப்பா. போலீஸ் ஸ்டேஷன் விசாரணையே தேவலாம்.”

லியாந்திரா அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடினான். “நீங்க சொன்னதுக்கு நெமேசியா என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லலை. முகம் வெளுத்துப் போச்சு. எந்திரிச்சுப் போயிட்டா. வினோதம் என்னன்னா, அவளைப் பிடிச்சுட்டுப் போன மறுநாள் ஃபெர்மின்கிட்ட இதைச் சொன்னேன். பாவம், அவனும் அப்படியே எந்திரிச்சுப் போயிட்டான்.”

*

மலை நிலத்துக்கு ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. காலையில் பெய்த ஆலங்கட்டி கல்லிடுக்குகளில் உப்புப் போலக் கிடந்தது. ருஃபினோவின் தொந்தி அவனுக்கு ஓரடி முன்னால் ஏறியது.

நிலம் சின்னது. பன்னிரண்டு பார்கள். செம்மண்ணை வாரிக் கூட்டிய மேடுகள் சரிவில் வரிவரியாகப் படுத்திருந்தன. மூன்று வாரத்துக்கு முந்தைய கார்னிவலில் வயலுக்கு நன்றி சொல்லிச் செடிகளில் கட்டிய வண்ணக் காகித நாடாக்கள் மழையில் சாயம் போய்த் தொங்கின.

“எல்லாப் பாரும் ஜம்முனு உசரமாத்தானே இருக்கு,” என்றான் ருஃபினோ மூச்சு வாங்க. “அந்த ஆள் சொன்னது நிஜம்தான். நம்ம செம்மண் துப்பு செத்துது.”

லியாந்திரா முதல் பாரிலிருந்து நடந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் நின்றாள். குனிந்தாள்.

“ருஃபினோ, நாலாவது பார்ல நாடா எங்க இருக்கு?”

“செடியில. மண்ணுக்கு மேல.”

“அஞ்சாவதுல?”

அவன் பார்த்தான். நாடாவின் நுனி மட்டும் மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தது. இழுத்தான். முழ நீளத்துக்கு வந்தது. மண்ணுக்குள் இருந்த பகுதியில் மட்டும் இன்னும் கொஞ்சம் மஞ்சள் மிச்சமிருந்தது. ஆறாவதிலும் அப்படித்தான், ஏழாவதிலும் அப்படித்தான். கடைசிப் பார் வரைக்கும் நாடாவின்மேல் மண் ஏறியிருந்தது. மண்ணைக் கிளறினால் உள்ளே அமுங்கிய அடி இலைகள் வாடியிருந்தன. அழுகவில்லை.

“முதல் நாலு பாருக்கு மண் அணைச்சது கார்னிவலுக்கு முன்னாடி,” என்றாள் லியாந்திரா. “மிச்ச எட்டுக்கும் அணைச்சது நாலஞ்சு நாளைக்கு முன்னாடி. பூவெல்லாம் உதிர்ந்த செடிக்கு, பிடுங்கப் போற நேரத்துல, யாருடா மண் அணைப்பாங்க?”

ருஃபினோவுக்கு ஒரு ஜோக் வந்தது. சொல்லவில்லை.

பதினொன்றாவது பாரின் கோடியில் கற்களை அடுக்கி வைத்த சிறு குவியல் இருந்தது. அதற்கு முன்னால் மண்ணில் இரண்டு முட்டிப் பள்ளம், மழையில் பாதி கரைந்திருந்தது. கற்களை எடுத்துவிட்டுத் தோண்டினான். ஒரு முழ ஆழத்தில் துணி மூட்டை. உள்ளே வெந்த கிழங்கு ஆறு, அழுக ஆரம்பித்திருந்தது. வேகாத கிழங்கு ஒரு படி. எல்லாமே கருநீலத் தோல்.

லியாந்திரா வேகாத கிழங்கு ஒன்றை எடுத்துப் பேனாக்கத்தியால் தோலைச் சீவினாள். கருநீலத்துக்குக் கீழே பச்சை. திருப்பி மறுபக்கம் சீவினாள். வெள்ளை. பச்சையும் வெள்ளையும் சந்திக்கிற இடத்தில் அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல ஒரு கோடு.

“வீட்டு மூலையில வெளிச்சத்துல கிடந்து பச்சையாயிருந்தா உருண்டு புரண்டு திட்டுத்திட்டா இருக்கும். இது நட்ட இடத்துல, பாதி மண்ணுக்குள்ளயும் பாதி வெளியயும் வாரக்கணக்கா உக்கார்ந்திருக்கு. தோல் கறுப்பு. புகை பிடிச்ச ஜன்னல் இல்லாத சமையலறையில எந்தக் கண்ணுக்கும் தெரியாது.”

ருஃபினோ சீவிய துணுக்கை நாக்கில் வைத்தான். அடுத்த நொடி துப்பினான். கசப்பு தொண்டைக்குள் இறங்கி எரிந்தது. கோக்கா இலையை இன்னும் ஒரு வாய் போட்டு மென்றும் போகவில்லை.

“மேடம், அப்ப கொலையே இல்லையே! வாங்க, இந்த மூட்டையைத் தூக்கிச் சார்ஜெண்ட் மேஜைமேல கொட்டுவோம். மணி ஒண்ணுதான் ஆகுது.”

“கொட்டலாம். ஆனா இது அவளைக் காப்பாத்தற சாட்சி. இதைக் கொண்டுவந்து அவளே ஏன் புதைச்சா? கிழங்கு எதனால பச்சையாகுதுன்னு யுஸ்தா சொன்ன பிறகு புதைச்சிருக்கா. யாரு கண்ணுல படக்கூடாதுன்னு?”

ருஃபினோவின் பார்வை அவளைத் தாண்டிப் போயிற்று. நிலத்தின் கீழ்க் கோடியில் ஃபெர்மின் நின்றுகொண்டிருந்தான். இவர்கள் பின்னாலேயே ஏறி வந்திருக்க வேண்டும். லியாந்திராவின் கையிலிருந்த மஞ்சள் நாடாவை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எல்லாப் பாரும் கார்னிவலுக்கு முன்னாடியே அணைச்சேன்னு சொன்னீங்க,” என்றாள் லியாந்திரா, குரலை உயர்த்தாமல். “இது மண்ணுக்குள்ள எப்படி வந்துச்சு?”

“அது பாப்பா கட்டினது,” என்றான் ஃபெர்மின். “ரெட்டை முடிச்சுப் போடுவா. காத்து அடிச்சாலும் போகாதாம்.”

அப்படியே பாரின்மேல் உட்கார்ந்துவிட்டான். பேச ஆரம்பித்தபோது அவர்களிடம் பேசுவதுபோலவே இல்லை.

“நாலு பார் முடிச்சிருந்தேன். சுரங்கத்து லாரிக்காரன் கீழ ரோட்டுல நின்னு ஹாரன் அடிச்சான். ஆள் குறையுது, இப்ப வந்தா ஏறிக்கோன்னான். மிச்சத்தை வந்து பாத்துக்கலாம்னு மம்பட்டியைப் போட்டுட்டு ஓடினேன். அவகிட்ட எல்லாம் முடிஞ்சுதுன்னு சொன்னேன். ஏரிக்காரிக்கு என்ன தெரியப் போகுதுன்னு நினைச்சேன். ஒரு மாசத்துல வந்துடுவோம்ல.”

“யுஸ்தா சொன்னதும் உங்களுக்குப் புரிஞ்சுபோச்சு,” என்றாள் லியாந்திரா.

“வந்து பாத்தேன். கிழங்கெல்லாம் வெளிய தெரியுது. பாக்க முடியலைம்மா. ராத்திரி வரைக்கும் மண்ணை வாரி வாரிப் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு எனக்கே தெரியலை. போட்டா சரியாயிடும்னு...”

“உங்க பொண்டாட்டி அங்க கம்பிக்குள்ள இருக்கா,” என்றான் ருஃபினோ. தன் குரல் இவ்வளவு கடுமையாக வரும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. “நாலு நாளா தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தீங்களே!”

“அவதான் பண்ணினான்னு நினைச்சப்போ என்னால மூச்சு விட முடிஞ்சுது சார். அவமேல கோபமா இருந்தேன், அதுல பொழுது போச்சு. இப்ப யாருமேல கோபப்படறது?”

ஏரிப் பக்கமிருந்து காற்று ஏறிவந்து இலைகளைப் புரட்டியது. லியாந்திரா மூட்டையைக் கட்டினாள்.

“நாலு மணிக்கு வண்டி வருது. நீங்க வரலைன்னாலும் நான் இதைக் குடுத்துப் பேசத்தான் போறேன். ஆனா பொண்ணோட அப்பன் வாயால சொன்னா இன்னிக்கே வெளிய வந்துடுவா. நான் சொன்னா ரெண்டு மாசம் ஆகும்.”

அவன் எழுந்திருக்கவில்லை.

இறங்கும்போது ருஃபினோ பொருமினான். “ரெண்டு கையையும் கட்டி வேன்ல போட்டிருக்கணும் மேடம்.”

“கட்டிக் கூட்டிட்டு வந்தா அது வாக்குமூலம் இல்லடா,” என்றாள் லியாந்திரா.

*

காவல் நிலையத்துக்கு வந்தபோது மணி இரண்டரை. சார்ஜெண்ட் மூட்டையைப் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டே அரசு வக்கீலுக்குப் போன் போடப் போனார். லியாந்திரா ஒரு கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனாள்.

கம்பி வழியாகக் கிழங்கைக் கண்டதும் நெமேசியா துள்ளி எழுந்தாள். ஐந்து நாளாகக் கல்லாக இருந்தவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

“எதுக்குத் தோண்டினீங்க? உங்களை யாரு தோண்டச் சொன்னது? போய்ப் புதைச்சுடுங்க தாயி. உங்க காலைப் பிடிக்கிறேன். அவருக்குத் தெரியக் கூடாது.”

“அவருக்காகவா ஜெயிலுக்குப் போறே?”

“அவரு அந்தப் பிள்ளைக்காகத்தான் சுரங்கத்துக்குப் போனாரு. அந்தக் குளிர்ல, அந்தப் பொந்துக்குள்ள. இவருதான் காரணம்னு தெரிஞ்சா உசிரோட இருப்பாரா? என்னைத் திட்டிட்டாவது இருக்கட்டும்.” மூச்சு இரைத்தது. “அதோட, எனக்கு வேணும் இது. எனக்கு ஜெயில் வேணும்.”

“ஏன்?”

நெமேசியா மறுபடி தரையில் உட்கார்ந்தாள். ருஃபினோ நோட்டைத் திறந்தான். எழுதுவது அவன் வேலை.

“வீட்டுல கிழங்கு தீர்ந்துபோச்சு. மலை நிலத்துல நாலு பிடுங்கலாம்னு போனேன். மேலயே கிடந்துச்சு. மம்பட்டிகூட வேண்டியிருக்கலை, கையாலயே எடுத்தேன். எவ்வளவு சுலபமா வருதுன்னு சந்தோஷப்பட்டேன் தாயி. வேகவச்சுக் குடுத்தேன். ஒரு வாய் தின்னுட்டு, ‘கசக்குது சித்தி’ன்னா. இவளுக்கு நான் எதைக் குடுத்தாலும் கசக்கும், எதைக் குடுத்தாலும் வேணாம். ‘வாயை மூடிட்டுச் சாப்பிடுடீ’ன்னு அதட்டினேன். எனக்குச் சளி. மூக்கு அடைச்சிருந்துச்சு, நாக்குல ருசியே இல்ல. எனக்குக் கசப்பு தெரியலை.”

கம்பளி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“அவ என்னை நிமிர்ந்து பாத்தா. ‘சரி சித்தி. நீ குடுக்கிறதை முகம் சுளிக்காம சாப்பிட்டா, வரும்போது எனக்குச் சிவப்பு ஷூ வாங்கித் தரேன்னு அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு’ன்னா. முழுங்கி முழுங்கித் தண்ணி குடிச்சு, தட்டைக் காலி பண்ணிக் காட்டினா. நான்... நான் அவளைத் தட்டிக் குடுத்தேன். ஒரு வருஷத்துல முதல் தடவையா.”

ருஃபினோவின் பேனா நின்றுவிட்டது. அவனுக்கும் வீட்டில் எட்டு வயதில் ஒருத்தி இருக்கிறாள். கேரட்டைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்குவாள். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டான்.

“நெமேசியா,” என்றாள் லியாந்திரா. “அவருக்குத் தெரியும்.”

“என்ன?”

“யுஸ்தா சொல்லிட்டா. அவரு மலைக்குப் போய்ப் பாத்துட்டாரு. நாலு நாளாச்சு.”

நெமேசியாவின் உதடு அசைந்தது. நாள் எண்ணுகிறாள் என்று ருஃபினோ நினைத்தான். பிறகு அவள் கண் மெல்லத் திரும்பிப் பக்கத்திலிருந்த தூக்கில் நின்றது.

“நாலு நாளாத்தான் இது வருது,” என்றாள்.

*

மூன்று நாற்பதுக்கு ஃபெர்மின் வந்தான். நடந்தே வந்திருந்தான்; முழங்கால்வரை சேறு. யாரையும் பார்க்காமல் நேராகச் சார்ஜெண்டின் மேஜைக்குப் போய், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

“எழுதிக்கோங்க சார். எட்டுப் பாருக்கு மண் அணைக்காம விட்டது நான். அணைச்சுட்டேன்னு பொய் சொன்னது நான். அவளுக்கு ஒண்ணும் தெரியாது. புகாரைத் திருப்பிக் குடுங்க.”

நகரத்து வண்டி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. சார்ஜெண்ட் போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். அரசு வக்கீல் போனில் சம்மதித்திருந்தார். கிழங்கைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்; கூப்பிட்டபோது வருவோம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டால் போதும். வண்டி வெறுமையாகத் திரும்பிப் போயிற்று.

கதவைத் திறந்துவிட்டதும் நெமேசியா முன்னறைக்கு வந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு மேஜை. நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரவில்லை.

“நெமேசியா.” ஃபெர்மினின் குரல் உடைந்திருந்தது. “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நிஜத்தைச் சொல்லு. பாப்பா சாப்பிடறப்போ கசக்குதுன்னு சொன்னாளா?”

அவள் சொன்னதை எழுதிய நோட்டு ருஃபினோவின் கையில்தான் இருந்தது.

நெமேசியா அவனை நேராகப் பார்த்தாள். “சொல்லலை.”

“ஒரு வார்த்தைகூடச் சொல்லலையா?”

“சொல்லியிருந்தா நான் குடுத்திருப்பேனா?”

அவன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அப்போதுதான் அழுதான். நெமேசியா அழவில்லை. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவன் அழுது முடிக்கும்வரை அசையாமல் நின்றாள்.

சார்ஜெண்ட் தட்டச்சு இயந்திரத்தில் காகிதத்தைச் செருகினார். “மேடம், அந்தப் பொண்ணு உள்ள உங்ககிட்டச் சொன்னதையும் சேத்துடணும். குழந்தை ஏதாவது பேசுச்சாமா, சாப்பிடறப்போ?”

லியாந்திரா ருஃபினோவைப் பார்த்தாள். அவன் நோட்டை மூடிச் சட்டைக்குள் வைத்தான்.

“ஒண்ணும் பேசலை,” என்றாள். “பசியில வேகமா சாப்பிட்டுடுச்சாம். அடிங்க.”

தட்டச்சு ஓசை தொடங்கியது. லியாந்திரா இருபத்திரண்டு வருடத்தில் ஒரு வாக்குமூலத்திலும் பொய் சேர்த்தவள் இல்லை. சேர்க்கச் சொன்னதற்காகத்தான் வேலையையே விட்டவள்.

ஐந்தரை மணி பஸ்ஸில் ஃபெர்மினும் நெமேசியாவும் ஏறினார்கள். அவளுடைய கம்பளியை அவன் தூக்கிக்கொண்டு போனான். ஒரே இருக்கையில் உட்காரவில்லை. அவள் முன்னால் ஜன்னலோரம், அவன் இரண்டு வரிசை பின்னால். பஸ் திரும்பி ஏரிக்கரைச் சாலையில் இறங்கி மறையும்வரை அவள் தலை ஜன்னல் பக்கமே இருந்தது.

“ஏதாவது சொல்லேன்டா,” என்றாள் லியாந்திரா, வேனில் ஏறி வெகுநேரம் ஆனபின்.

ருஃபினோ யோசித்துப் பார்த்தான். கிழங்கைப் பற்றி, சார்ஜெண்டைப் பற்றி, தன் தொந்தியைப் பற்றி எத்தனையோ இருந்தன.

“இல்ல மேடம்,” என்றான். “இன்னும் வாயெல்லாம் கசக்குது.”